அம்மாவின் வேனில் எனக்கு வாந்தி வரும்

அன்று காலை நான் சொன்னது பச்சைப் பொய்.

"அம்மா, உன் வேன்ல வந்தா எனக்கு வாந்தி வருது."

அம்மாதான் எங்கள் பள்ளி வேனை ஓட்டுகிறாள். பத்து வருடத்தில் தன் வேனில் ஒரு பிள்ளைகூட வாந்தி எடுத்ததில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"என் வேன்லயா? அதுவும் நான் பெத்த பொண்ணுக்கா?"

மறுநாள் வேனைக் கழுவி, சீட் உறைகளை மாற்றி, ஆமை வேகத்தில் ஓட்டினாள். எல்லாரும் பள்ளிக்குத் தாமதமாகப் போனோம். நானோ வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை உருட்டினேன். நடிப்பு கொஞ்சம் அதிகம்தான்.

எல்லாம் அக்காவுக்காகத்தான். கல்லூரி விடுதியிலிருந்து அவள் வீடு திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. என்னோடு சண்டை போடுவதுகூட இல்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள்.

"இது மனச்சோர்வு. மாத்திரையோட தினமும் கொஞ்ச நேரம் வெளியில நடக்கணும்மா," என்றார் மருத்துவர்.

மாத்திரையை விழுங்கினாள். நடக்கத்தான் வரவில்லை. அப்பா கெஞ்சினார், அம்மா அதட்டினாள். ம்ஹூம்! எனக்கோ என் பழைய அக்கா வேண்டும்.

அப்பா விடியும்போதே பேக்கரி வேலைக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு வேன். நான் வேனில் ஏறாவிட்டால், என்னைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போக வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான்.

"என்னால முடியாது," என்றது போர்வை.

"பரவால்லக்கா. நான் தனியாவே போறேன். பெரிய ரோட்டைத் தாண்டுறதுதான் கொஞ்சம் பயம். லாரியெல்லாம் வரும். சமாளிச்சுக்கறேன்."

போர்வை அசைந்தது. "ஏய், நில்லு!"

தலைகூட வாராமல் வந்தாள். இருபது நிமிட நடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. நானே கேள்வி கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஆனால் பெரிய ரோடு வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தினமும் இப்படிப் போனோம் என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. அன்று வேனில்தான் போனேன். வாந்தி விஷயத்தைச் சுத்தமாக மறந்து, வழியெல்லாம் பாட்டு வேறு பாடினேன். அம்மா கண்ணாடியில் என்னையே பார்த்தாள். திருட்டு முழி முழித்தேன்.

மறுநாள் காலையில் அம்மா, அக்காவுக்குக் கேட்கும்படி, "இவளுக்கு வேன் ஒத்துக்கவே மாட்டேங்குது. நடந்தே போகட்டும்," என்றாள். தன் வேனைப் பற்றித் தன் வாயாலேயே!

மூன்றாவது வாரம், பள்ளி வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா நின்றாள்.

"நான் சோம்பேறின்னு நினைக்கிறியா?"

"இல்லக்கா. போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்போ நானும்தான் படுத்தே கெடந்தேன். அப்போ நான் சோம்பேறியா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால் அக்காவின் படுக்கை காலி. வாசலுக்கு ஓடினேன். தெருமுனையில் அவள் வந்துகொண்டிருந்தாள், முகமெல்லாம் வியர்வை.

"எங்கக்கா போன?"

"சும்மாதான். தண்ணித்தொட்டி வரைக்கும் நடந்துட்டு வந்தேன்."

"என்னை விட்டுட்டா?"

சந்தோஷப்பட வேண்டிய நேரம். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இவ்வளவு நாள் நான்தானே உன்னைக் கூட்டிட்டுப் போனேன்! இப்ப நீ மட்டும் போயிட்ட!"

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுப்படியிலிருந்த அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"சரி, அழாத. செருப்பை மாட்டு. இன்னொரு தடவை போலாம்."

அவசரத்தில் இடது வலது மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அக்காவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க நான்தான் ஓட வேண்டியிருந்தது.