விட்டுப் பிடிக்கும் பிரேக்

ஸஜாத் நானாவின் புது மோட்டார் சைக்கிள் வந்து மூன்று நாள்தான். அதற்குள் கல்முனைக்குடி கடற்கரை வீதியில் ஒரு மீன் பெட்டி நொறுங்கிவிட்டது.

நடந்தது இதுதான். குறுக்கே ஓடிய ஆட்டைக் கண்டு நானா பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். உடனே பிரேக் பிடி அவர் விரல்களுக்குள் டக் டக் டக் என்று துடித்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார். ஆடு தப்பியது, பெட்டிதான் அகப்பட்டது.

"கண்ணூறுதான்! தெருவே நிண்டு பார்த்திச்சே," என்றார் உம்மா.

"இல்ல உம்மா. இதுல ஏபிஎஸ் எண்டு ஒண்டு இரிக்கி. அதுதான் பழுது. அப்ராஸைக் கூப்பிட்டுக் கழட்டப் போறன். நாளைக்கு பொத்துவில் வேலைக்குப் போகணும்."

தங்கை இன்ஷிராவுக்குப் பத்து வயது. பழுது என்று யாராவது சொன்னால் போதும், எட்டிப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. வீதிக்கு ஓடினாள். தார் மேல் மெல்லிய கடல் மணல் பரவிக் கிடந்தது. அதில் நானாவின் டயர் தடம் துண்டு துண்டாக விழுந்திருந்தது. ஆனால் கோணாமல், நேராக இருந்தது.

'பழுதான பிரேக் இவ்வளவு நேராகப் போகுமா?'

தன் சைக்கிளை எடுத்து வேகமாக மிதித்தாள். மணலில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். சில்லு சுற்றாமல் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை! சர்ரென்று வழுக்கி அவளைத் தள்ளிவிட்டது. முழங்கால் எரிந்தது. பின்னால் பாம்பு போல ஒரே நீளத் தடம் கிடந்தது.

மறுபடி மிதித்தாள். இந்த முறை பிடித்தாள், விட்டாள், பிடித்தாள், விட்டாள். சைக்கிள் நேராகப் போய் நின்றது. தடமும் துண்டு துண்டாக இருந்தது!

இன்ஷிராவுக்கு விளங்கிவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் பாய்ந்தாள். நானாவின் கூட்டாளி அப்ராஸ் சீட்டைக் கழற்றி, ஒரு கையில் குறடோடு உள்ளே ஏபிஎஸ் பியூஸில் விரலை வைத்திருந்தார்.

"கழட்டாதீங்க!"

"ஏன் புள்ள?"

"சில்லு ஒரேயடியா நிண்டா வழுக்கும். அதுக்காக வண்டியே பிரேக்கை உட்டு உட்டுப் புடிக்கி. அதுதான் கையில துடிக்கி! நீங்க கையை எடுத்ததுதான் பிழை, நானா."

"ஆ, இஞ்சினியர் வந்துட்டா!" என்று அப்ராஸ் சிரித்தார்.

நானா சிரிக்கவில்லை. அவளுடைய முழங்காலைப் பார்த்தார். "அப்ப, துடிச்சாலும் உடக்கூடாதா?"

"உடவே கூடாது!"

சீட்டைப் பூட்டினார்கள். நானா ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு வீதிக்குப் போனார். இன்ஷிரா பின்னாலேயே ஓடினாள். தான் சொன்னது பிழையென்றால் விழப்போவது நானாதானே!

மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு வந்தது. மணலில் ஏறியதும் நானா பிரேக்கைப் பிடித்தார். டக் டக் டக்!

"உடாதீங்க, நானா!"

நானா விடவில்லை. வண்டி ஒரு பக்கமும் சரியாமல், நேராக வந்து நின்றது.

"நிண்டுட்டு! நிண்டுட்டு!" என்று இன்ஷிரா துள்ளினாள். நானா அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அப்ராஸ் கையிலிருந்த குறட்டைப் பைக்குள் போட்டார்.

கேற்றடியில் நின்ற உம்மா பெருமூச்சு விட்டார்.

"எதையும் உட்டுப் புடிக்கணும் எண்டு எத்தின வருசமாச் சொல்றன்! இந்த ஊட்டுல ஒரு வண்டிக்குத்தான் அது விளங்கியிரிக்கி."