சாக்ஸ் போட்ட அத்திமரம்

“ஞாயித்துக்கிழமை மரத்த வெட்டிருவோம் மக்ளே,” என்றார் அப்பா, சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே.

ஆர்யா தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினாள். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே கிடந்த துண்டு மண்ணில் அவளும் அப்பாவும் வைத்த சீமை அத்தி அது. இந்தக் கோடையில்தான் முதல்முறையாகக் காய்த்திருக்கிறது.

“பக்கத்து வீட்டு சேச்சி சொன்னா வெட்டிரணுமா?”

“வவ்வால் கடிச்ச பழமெல்லாம் அவங்க முற்றத்துலதான விழுது? சரி, சாலை பஜார்ல கடையத் திறக்கணும். வாறேன்.”

ஆர்யா சண்டை போடத்தான் மதிலருகே போனாள். அந்தப் பக்கம் ஷீஜா சேச்சி, விழுந்த பழங்களைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் அவருடைய கைக்குழந்தை சாய்.

“மோளே, மரத்தோட எனக்கு ஒரு பிணக்கமும் இல்லா. இவன் தவழ்ந்து போய், கண்டதெல்லாம் வாயில வெக்குறான். வவ்வால் எச்சில்ல நிபா காய்ச்சல் வந்தா என்ன செய்யும்? பயந்து உறக்கமே இல்லா.”

சாய் எச்சில் கையை நீட்டிச் சிரித்தான். ஆர்யா தயாராக வைத்திருந்த சொற்கள் ஒவ்வொன்றாக நழுவின. சேச்சிமேல் கோபப்பட முடியவில்லையே என்றுதான் இப்போது கோபம் வந்தது.

காயாகவே பறித்துவிடலாமா? பறித்தபின் அத்தி பழுக்காது. ஒரு காயில் பிளாஸ்டிக் பையைக் கட்டிப் பார்த்தாள். உள்ளே வியர்த்து, காய் அழுகத் தொடங்கியது. காற்று போக வேண்டும். வவ்வால் வாய் போகக் கூடாது.

பரீட்சை முடிந்திருந்தது. அம்மா சீருடைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். “இந்த சாக்ஸெல்லாம் ஜூன்ல உனக்குச் சேராது. தூரப் போட்டிரு.”

ஆர்யா தூரப் போடவில்லை.

சாயங்காலம் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். “என்ன மக்ளே, மரம் ஸ்கூலுக்குப் போகுதா?”

“தொவச்ச சாக்ஸ்தாம்ப்பா!”

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா அரிவாளோடு வந்தார். ஆர்யா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். சேச்சியின் முற்றத்தில் ஒரு பழம்கூட விழவில்லை. ஆர்யா வீட்டுப் பக்கம்தான் கடிபட்ட பழங்கள் கிடந்தன.

ஷீஜா சேச்சியும் அதைப் பார்த்தார். “உங்க பக்கத்துல எதுக்கு மூடல்ல?”

“முதல்ல உங்க பக்கத்துக்குப் போட்டேன் சேச்சி. அதோட சாக்ஸ் தீந்துபோச்சு.”

சேச்சி உள்ளே போனார். திரும்பி வந்து, மதிலின்மேல் ஒரு பையைக் கவிழ்த்தார். நீலம், மஞ்சள், வாத்துப் படம் போட்டது என்று கட்டைவிரல் நீளத்துக்குக் குட்டிக் குட்டி சாக்ஸ்.

“சாய்க்குச் சின்னதாயிடுச்சு. காய்க்குக் கரெக்டா இருக்கும், மோளே.”

அப்பா அரிவாளை உள்ளே வைத்துவிட்டு ஸ்டூலைத் தூக்கி வந்தார்.

“சொல்லு மக்ளே, வாத்து எந்தக் கிளைக்கு?”