ஒரு நாள் விடாத மாத்திரை

அன்று காலையும் காப்பித் தம்ளரோடு தலைவலி மாத்திரையையும் மூத்த மருமகளிடம் நீட்டினாள் மாமியார். வலிக்கிறதா என்று அவள் கேட்பதே இல்லை. வருவதற்கு முன்பே போட்டுவிட்டால் வலி வராது என்பது அவள் கண்டுபிடித்த வைத்தியம். தாயில்லாத மருமகளிடம் அவள் காட்டிய பாசமும் அதுதான், வீட்டு வேலை கெடாமல் பார்த்துக்கொண்ட சாமர்த்தியமும் அதுதான்.

மூத்த மருமகள் தையல்காரி. ஆறு வருஷத்துக்கு முன்பு மாதம் இரண்டு தடவை எட்டிப் பார்த்த ஒற்றைத் தலைவலி, இப்போது விடியும்போதே வலது பொட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. மாமியாருக்குத் தெரியாமல் மதியமும் இரண்டு மாத்திரை விழுங்கினாள். ஊசியில் நூல் கோர்த்தால் குமட்டியது. போன வாரம் ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு வலது கைகளை வெட்டித் துணியைப் பாழாக்கினாள். பெற்ற மகளே இவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வந்தாள். அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது.

வேலை என்றதும் இவளுக்குத் தலைவலி வந்துவிடும் என்று இளைய மருமகளான ஓரகத்தி வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். பதிலுக்கு வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று மூத்தவளுக்கே பயமாக இருந்தது.

மகள் மேல் கத்தரிக்கோலோடு கை ஓங்கிய அன்று, மாமியாரே அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறாய் என்று டாக்டர் கேட்டார். நாலைந்து நாள் என்று மென்று விழுங்கினாள் மருமகள்.

"பொய் சொல்றா டாக்டர்," என்றாள் மாமியார், பெருமையாக. "ஒரு நாள் விடாம நான்தான் என் கையால குடுக்கிறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தினமும் போட்டுப் போட்டு இப்போது மாத்திரையே வலியைக் கொண்டுவருகிறது என்றார். நிறுத்தியாக வேண்டும். முதல் பத்து நாள் இதைவிட மோசமாக இருக்கலாம், தாங்கிவிட்டால் மெல்லக் குறையும் என்றார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் மாத்திரைகளை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் மருமகள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அறை வாசலில் ஓரகத்தி வந்து நின்றாள். "ஆரம்பிச்சாச்சா நாடகம்?"

"வாயை மூடுடி. ஆறு வருஷமா இந்த வலியோட உனக்கும் சேர்த்து உழைச்சவ இவ," என்றாள் மாமியார். "அதை வளர்த்துவிட்டவ நான்..."

மருமகள் அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை... ஒண்ணே ஒண்ணு... இன்னைக்கு மட்டும்... என்னால முடியல அத்தை."

மாமியார் கீழே உட்கார்ந்து அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண்ணீர் மருமகளின் தலைமுடியில் இறங்கியது. "தர மாட்டேன்மா. என்னைத் திட்டு, அடி... தர மாட்டேன்."

மருமகள் அவள் கையைக் கடித்தாள். பல் பதிந்து ரத்தம் கசிந்தது. மாமியார் கையை எடுக்கவே இல்லை.