இழைமுறி

நிலாக்குடியில் யாரும் நாறுவதில்லை. நிலவின் மண்ணுக்கடியில், சன்னல் திறக்க வழியில்லாத ஊரில், ஒருவர் விட்ட மூச்சையே இன்னொருவர் இழுத்துக்கொண்டு வாழ்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பது மூக்கைப் பொத்திக்கொண்டு நாள் கடத்திய முதல் குடியேறிகளுக்குத்தான் தெரியும். வரத்தைக் கொடுத்தவன் சேந்தன். கொடுத்ததை அவன் மறந்ததுமில்லை, பிறரை மறக்க விட்டதுமில்லை.

வேர்வையிலிருந்தும் தோலிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு இழைகள் கிளம்பிக் காற்றில் மிதக்கின்றன. மனித வாடை என்பது அவைதான். சேந்தனின் இழைமுறி ஒவ்வொரு கூரையிலும் விளக்கைப் போலப் பதிந்திருந்தது. அதன் கதிர் தோலைத் தாண்டி உள்ளே போகாத மென்கதிர். ஆனால் மிதக்கும் இழையிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். அந்த அடியைத் தாங்காமல் இழை அங்கேயே துண்டு துண்டாக உதிரும். துண்டுகளுக்கு வாடை கிடையாது. ஒரே நிபந்தனை, காற்று உலர்ந்திருக்க வேண்டும். ஈரக் காற்றில் நீர் மூலக்கூறுகள் இழையைப் போர்த்திக்கொண்டு அடியைப் பங்கு போட்டுக்கொள்ளும்; இழை பிழைத்துவிடும். "தனியா மாட்டுனாதான் உடையும்" என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் சேந்தன் சொல்வான். அதனால் ஊர்க் காற்று எப்போதும் அப்பளம் காயும் பதத்தில் இருந்தது.

அவன் மனைவி குயிலிக்குக் குழந்தை பிறந்தபோது, அது பால் குடிக்க மறுத்தது. மார்பில் வைத்தால் முகத்தை இங்குமங்கும் திருப்பித் தேடும், பிறகு அழும். யாரும் ஆச்சரியப்படவில்லை. நிலாக்குடியில் பிறந்த குழந்தைகள் எல்லாமே புட்டிப்பால்தான். ஈர்ப்பு குறைந்த இடம், தாய்மாருக்குப் பக்குவம் போதாது என்று மருத்துவமனையிலும் சொல்லிவிட்டார்கள். சேந்தனும் தன் பங்குக்கு, "உனக்குப் பொறுமை இல்ல குயிலி" என்றான்.

அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் வெந்நீர்த் தொட்டி பொது. சில வாரங்களாக அது விடிவதற்குள் காலியாகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜெசிந்தா விசாரித்துப் பார்த்ததில், தண்ணீர் போவது சேந்தன் வீட்டுக் குளியலறைக்குத்தான் என்று தெரிந்தது. வரிசைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்லயும் குளிக்கணும்ல?" என்றாள் ஜெசிந்தா.

சேந்தனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊருக்கு வரம் கொடுத்தவன் வீட்டில் தண்ணீர்த் திருட்டா? குயிலி குழந்தையைத் தோளில் போட்டபடி வாசலில்தான் நின்றாள்.

"பிள்ளை பெத்ததுல இருந்து இவளுக்கு மனசு சரியில்லக்கா," என்றான் அவன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் குழாயைப் பூட்டிடுறேன்."

குயிலி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

பூட்டும் சாவியும் தேடி எடுத்துக்கொண்டு அவன் குளியலறைக் கதவைத் தள்ளியபோது, உள்ளே ஆவி மண்டியிருந்தது. குயிலி ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, கண்ணை மூடி, தொண்டை ஏறி இறங்கப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"பூட்டுங்க," என்றாள் அவள், நிமிராமல். "இவன் குடிச்சு முடிச்சதும் பூட்டுங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல? இங்க மட்டும்தான் குடிக்கிறான். வெளிய கொண்டுபோனா வாயை எடுத்துடறான். என் உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். சொல்லக் கூசுச்சு."

யாரும் சேந்தனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறந்த குழந்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. தாயின் வாடைதான் வழிகாட்டி. அந்த வாடையும் ஓர் இழைதான். உலர்ந்த காற்றில் அது குழந்தையின் மூக்குக்குப் போய்ச் சேருமுன் உதிர்ந்தது. ஆவிக்குள் மட்டும் பிழைத்தது. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் அவன் ஒப்பித்த பாடம், தன் வீட்டுக்குள் நடந்தபோது அவனுக்குத் தெரியவில்லை. தெரியாதது கூடப் பரவாயில்லை. சற்று முன் வாசலில் நின்று அவளைப் பற்றித் தான் சொன்ன சொல்லை நினைத்தபோது அவன் உடம்பு கூசியது.

அவன் நேரே வரிசையின் பொதுக்கூடத்துக்குப் போய், அங்கிருந்த பொத்தானில் எல்லா வீட்டு இழைமுறிகளையும் அணைத்தான். ஜெசிந்தாவின் கதவைத் தட்டினான். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். குளறிக் குளறி எல்லாவற்றையும் சொன்னான். "உங்க மேல ஒரு குத்தமும் இல்லக்கா. உங்க யார் மேலயும் இல்ல. எல்லாம் என் மெஷின் பண்ணது."

ஜெசிந்தா தன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். மார்பில் குழந்தையை வைத்து அழுத இரவுகள் அவளுக்கும் இருந்திருக்க வேண்டும். அதற்குள் வரிசையில் வாடை மெல்ல எழுந்தது. வேர்வை, எண்ணெய்த் தலை, யாரோ ஒருவரின் கால். அவள் உள்ளே போய்த் தன் நான்கு வயது மகள் மெர்சியைத் தூக்கி வந்து உச்சி முகர்ந்தாள். தினமும் செய்வதுதான். ஆனால் இந்த முறை அவள் முகம் மாறியது. மறுபடி முகர்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எம் பிள்ளை இப்படியா மணக்கும்?" என்று மகளை மார்போடு சேர்த்தாள்.

மெர்சி இரண்டு கையாலும் தாயின் மார்பைத் தள்ளி, மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ச்சீ, நீ நாறுறம்மா. எறக்கி விடு."

ஜெசிந்தா மகளைத் தன் உடம்பிலிருந்து விலக்கிக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"மெஷினைப் போட்டுவிடுங்க தம்பி."

"அக்கா, கொஞ்ச நாள்ல பழகிடும். என்னை மன்னிச்சு..."

"அதைப் போட்டுட்டு அப்புறம் பேசுங்க."

வாசல்களில் நின்ற மற்ற தாய்மார்களும் தங்கள் பிள்ளைகளிடமிருந்து ஓரடி தள்ளி நின்றார்கள். அவர்கள் கண்ணைச் சந்திக்க அவனால் முடியவில்லை. கூடத்துக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினான். சிறிது நேரத்தில் வாடை போயிற்று. ஜெசிந்தா மகளை மெல்லப் பக்கத்தில் இழுத்துக்கொள்வது தெரிந்தது.

அவன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. குயிலி ஈரத் தலையோடு முதன்முறையாக முன்னறையில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை வாயை எடுத்தது. முகத்தை இங்குமங்கும் திருப்பித் தேடியது, பிறகு அழத் தொடங்கியது. குயிலி கூரையை ஒருமுறை பார்த்தாள், அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு மாராப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து குளியலறைக்குள் போனாள்.