மாமாவின் பாக்கெட்டைச் சுற்றி ஒரு தையல்

வீட்டில் என்னை ‘குட்டி வக்கீல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்காவது பரிந்து பேசாமல் என்னால் இருக்க முடியாது. என்ன செய்வது, என் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அன்று சாயங்காலம் சித்தி தன் புதுப் பாப்பாவோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாக இருந்தாள். பாப்பாவுக்காக அம்மா ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு பழந்துணி கொடுத்திருந்தோம். என் கவுன், அக்காவின் பள்ளிச் சட்டை, அப்பாவின் கட்டம் போட்ட சட்டை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மெக்கானிக். பட்டறைக்குப் போடும் பேண்ட்டிலிருந்து, ஸ்பேனர் வைக்கும் சின்ன பாக்கெட்டோடு ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். கிரீஸ் கறை போக அவரே உட்கார்ந்து துவைத்தார். ஒரு சோப்பு முழுசாகக் கரைந்து போயிற்று.

எல்லாத் துண்டுகளையும் இணைத்தபோது மாமாவின் பாக்கெட் நட்டநடுவில் வந்தது. அடியில் பஞ்சும் இன்னொரு துணியும் வைத்தாயிற்று. மூன்றும் நகராமல் இருக்க மேலே தையல் போட வேண்டும். எந்த டிசைன் என்பதில்தான் தகராறு.

“நட்சத்திரம் போடும்மா,” என்றாள் அக்கா.

“நட்சத்திரமா? விடிஞ்சிடும். டைமண்ட் கட்டம் போதும்,” என்று அம்மா சாய்வாகத் தைக்க ஆரம்பித்தாள்.

மிஷின் நடுவில் வந்ததும் ‘டக்’. ஊசி உடைந்தது. வேறு ஊசி மாட்டினாள். மறுபடியும் ‘டக்’.

“பாக்கெட்டா இது? மடிப்பு மேல மடிப்பு, ஊசி இறங்கவே மாட்டேங்குது. இதைப் பிரிச்சுட்டு ஜன்னல் திரைத் துணியை வெச்சிடலாம்,” என்றாள் அம்மா.

வாசலில் நின்றிருந்த மாமாவின் காதில் அது விழுந்துவிட்டது.

“எடுத்துடுக்கா. பாப்பாவுக்கு எதுக்கு பட்டறை பேண்ட்டு?” என்று சிரித்தார். சிரித்துவிட்டுப் போய், ஏற்கெனவே பளபளவென்று இருந்த சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்கு மனசே கேட்கவில்லை. எல்லோர் துணியும் இருக்கும், மாமா துணி மட்டும் இருக்காதா?

“அம்மா, பாக்கெட்டைத் தாண்டித்தான் தைக்கணுமா?”

“பின்னே? கோடு பாதியில நின்னா பல்லு போன சீப்பு மாதிரி இருக்கும்.”

“தாண்ட வேண்டாம், சுத்திப் போகலாம்.”

“ஆரம்பிச்சுட்டாங்க வக்கீலம்மா,” என்றாள் அக்கா.

நான் சாக்பீஸை எடுத்தேன். பாக்கெட்டின் ஓரத்தை ஒட்டி ஒரு கோடு போட்டேன். இரண்டு விரல் தள்ளி, அதே மாதிரி கொஞ்சம் பெரிதாக இன்னொன்று. அதைச் சுற்றி இன்னொன்று. இப்படியே போர்வையின் விளிம்பு வரை போனேன்.

“பார்த்தியா? பாக்கெட் மேல ஊசி ஏறவே ஏறாது.”

“உள்ளே பஞ்சு சுருண்டுக்காதா?” என்றாள் அக்கா.

அம்மா பாக்கெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அது கைக்குள் அடங்கிவிட்டது.

“இவ்வளவுதானே, சுருளாது. அட, இது எனக்குத் தோணவே இல்லையே,” என்றாள்.

அக்கா முணுமுணுத்துக்கொண்டே பழைய தையலைப் பிரித்தாள். அம்மா புதுக் கோடுகளின் மேல் மிஷினை ஓட்டினாள். ஒரு ஊசிகூட உடையவில்லை.

விரித்துப் பார்த்தால், குளத்தில் கல்லைப் போட்டதுபோல, பாக்கெட்டிலிருந்து தையல் அலை அலையாகக் கிளம்பி ஓரம் வரை போயிருந்தது.

“நட்சத்திரத்துக்கு இது எவ்வளவோ மேல்,” என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தி வந்ததும் பாப்பாவைப் போர்வையில் படுக்க வைத்தாள். மாமா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். பாப்பா காலை உதைத்தது. ஒரு குட்டிப் பாதம் நேராக பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

மாமா எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“யார் பாக்கெட்ல கால் வெச்சிருக்கா, பார்த்தீங்கல்ல?”

“அந்தப் பாக்கெட்டைக் காப்பாத்தினது நம்ம வக்கீலம்மாதான்,” என்றாள் அம்மா. மாமா என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டு டீச்சர், தெருவில் போன பால்காரர் என்று ஒருவரையும் விடாமல் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். கடைசியில் சித்திதான், “போதும்ணா, பாப்பாவைத் தூங்க விடு,” என்று கதவைச் சாத்த வேண்டியதாயிற்று.