கேபிள் வழியே வந்த தண்ணீர்

கேபிளின் முனையிலிருந்து மேசையில் சொட்டியிருந்த தண்ணீரை விரலால் வழித்தெடுத்த கதிர்வேல், அதே விரலால் தற்செயலாக உதட்டைத் தடவிக்கொண்டபோதுதான் அது கரிப்பதைக் கண்டான்.

மழைத் தண்ணீர் கரிக்காது. மறுபடியும் நாக்கில் வைத்துப் பார்த்தான். நல்ல உப்பு.

மொட்டை மாடியில் நிற்கும் ஆண்டெனாவிலிருந்து சுவரோரமாக இறங்கி, ஜன்னல் சட்டத்தில் போட்ட ஓட்டை வழியாக உள்ளே வரும் கறுப்புக் கேபிள் அது. லைசென்ஸ் வாங்கி ஊர் ஊராகப் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ வைத்திருக்கிற எல்லோருக்கும் ஏதாவது ஒரு மழைக்காலத்தில் இந்தத் தொல்லை வரும். மேலே ஆண்டெனாவும் கேபிளும் சேருகிற கனெக்டரில் டேப் விட்டுப்போகும், ஈரம் புகும், கேபிளுக்குள் இருக்கும் செம்பு வலை விளக்குத் திரியைப் போல அதை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடும். உப்புக்கும் காரணம் இருந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரை பக்கத்தில்தான், புயல் காற்று கடலையே அள்ளிக்கொண்டு வருகிறது. இப்படியெல்லாம் சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். ஆனால் அந்தச் சொட்டில் சேற்று வாடை இருந்தது. கடற்கரை மணலுக்கு அந்த வாடை கிடையாது. பிச்சாவரத்தில் தண்ணீர் வடிந்த பிறகு சுரபுன்னை வேர்களுக்கு நடுவே தேங்கி நிற்குமே, அழுகிய இலையும் செத்த நண்டும் கலந்த கறுப்புச் சேறு, அதன் வாடை.

அவன் மனைவி இசைவாணி அங்கேதான் இருந்தாள். கிள்ளைக்கு அப்பால், உப்பங்கழி ஓரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றைப் புயல் முகாமாக்கியிருந்தார்கள். அங்கிருந்து தகவல் சொல்ல, சின்ன ரேடியோ செட்டையும் ஒரு பேட்டரியையும் தூக்கிக்கொண்டு நேற்றே கிளம்பிவிட்டாள். இரண்டு பேருக்கும் லைசென்ஸ் உண்டு என்றாலும் அவள்தான் கெட்டிக்காரி. "நீங்க வீட்டுல உக்காந்து நான் பேசுறத ஒழுங்கா கேட்டீங்கன்னா போதும், அதுவே பெரிய சேவ" என்று சிரித்துவிட்டுப் போனாள். விடியற்காலையில் செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அதன்பின் ஒரே ஒரு முறை ரேடியோவில் வந்தாள், தண்ணீர் படிக்கட்டு வரை வந்துவிட்டதாகச் சொன்னாள். அவ்வளவுதான். பிறகு இரைச்சல். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள அந்தக் கேபிளைத் தவிர வேறு வழியில்லை.

கீழ் வீட்டுக்காரர் சுப்புராயன் குடும்பத்தோடு நெல்லிக்குப்பத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தார்.

"கதிரு, நீயும் வந்துடு. காத்து ஜாஸ்தியாவப் போவுதாம்."

"நீங்க போங்க மாமா. இசை லைன்ல வருவா, நான் இருக்கணும்."

"கரண்டே இல்ல, லைன் எங்கேந்து வரும்?"

"கார் பேட்டரில ஓடுது மாமா."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. தெருவில் அதற்குப் பிறகு ஒரு மனித சத்தமும் இல்லை.

செட்டில் சிதம்பரத்துத் தேவசகாயம் அண்ணன் குரல் அரைகுறையாக வந்தது. மாவட்டத்து ஹாம்கள் எல்லோரையும் கட்டி மேய்ப்பவர் அவர். பேச ஆரம்பிக்கும்போது கால்சைனை, அதாவது லைசென்சில் கொடுத்த அடையாளக் குறியீட்டை, சொல்லாவிட்டால் கடித்துக் குதறிவிடுவார். புருஷன் பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான் என்பார். கதிர்வேலும் இசைவாணியும் தங்களுக்குள் பேசும்போது அந்தச் சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டு வெகுநாளாயிற்று.

"...அந்த ஸ்கூல்ல தண்ணி... இசைவாணிய... கதிர், கேக்குதா..."

"அண்ணே! இசைவாணிய என்னா? திருப்பிச் சொல்லுங்க!"

கரகரவென்று இரைச்சல் அவர் குரலை விழுங்கிவிட்டது. கேபிள் முனையிலிருந்து இன்னொரு சொட்டு விழுந்தது. இனி உட்கார்ந்திருந்து பயனில்லை. கத்தி, துணி, ஸ்பிரிட் பாட்டில், ரப்பர் டேப், குடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினான்.

பகல்தான். ஆனால் மேகம் தென்னை உச்சி வரை இறங்கி, வெளிச்சம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கைப்பிடிச் சுவரின் மறைவில் குந்தி, குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு பழைய டேப்பைக் கத்தியால் நீளவாக்கில் கீறினான். அது பிளந்துகொண்டது. உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும் என்று எதிர்பார்த்தான். சேறு இருந்தது. கனெக்டரின் திருகு மறைகளுக்குள்ளும் நடு ஊசியைச் சுற்றியும் யாரோ விரலால் அப்பியதைப் போல வழவழப்பான கறுப்புச் சேறு. இரண்டு மாடி உயரத்தில், காற்றைத் தவிர எதுவும் எட்டாத இடத்தில்.

யோசிக்க நேரமில்லை. துடைத்தான், ஸ்பிரிட் விட்டுக் கழுவினான், ஈரம் துளியும் இல்லாதபடி ஊதி ஊதிக் காய வைத்தான். பிறகு ரப்பர் டேப்பை இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றத் தொடங்கினான். அப்படித்தான் சுற்ற வேண்டும். மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஓடு வேய்ந்ததைப் போலப் படியும், மழை வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். இந்த டேப்பில் பசை கிடையாது. இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரே ரப்பர் கட்டியாகிவிடும். பிறகு கத்தி வைத்தால்தான் உண்டு.

கடைசிச் சுற்றை வைத்து உள்ளங்கையால் பொத்தி அழுத்தினான். கைக்குள் அது மெல்ல உப்பியது. பிறகு வற்றியது. மறுபடி உப்பியது. தூங்கும் குழந்தையின் வயிற்றில் கை வைத்ததைப் போல இருந்தது.

கையை உதறிக்கொண்டு பின்னால் சரிந்தான். குடை பறந்து போயிற்று. வெறும் டேப். அசைவில்லாமல் இருந்தது. தன் நாடித் துடிப்பைத்தான் உணர்ந்திருக்கிறோம் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான்.

கீழே வந்து செட்டைப் போட்டபோது இரைச்சல் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இவ்வளவு சுத்தமான மௌனத்தை அவன் ரேடியோவில் கேட்டதே கிடையாது. புயலுக்குரிய இடிச் சடசடப்பு இல்லை, தூரத்து ஸ்டேஷன்களின் முனகல் இல்லை. கிணற்றுக்குள் காதை வைத்ததைப் போலிருந்தது. அந்த ஆழத்திலிருந்து, மிகவும் சன்னமாக, குரல் வந்தது.

"என்னாங்க."

கதிர்வேலுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மைக்கை எடுத்தான்.

"இசை! எங்க இருக்க? நல்லா இருக்கியா?"

"இங்கதான் இருக்கேன். பேசுங்க."

"தேவசகாயம் அண்ணன் என்னமோ சொன்னாரு, வெளங்கல. தண்ணி உள்ள வந்துடுச்சா?"

"தண்ணிலதான் இருக்கேன். நீங்க பேசிக்கிட்டே இருங்க. உங்க குரல் கேக்கணும்."

பேசினான். பயத்தில் இருப்பவளுக்குப் புருஷன் குரல் தெம்பு தராதா என்ன. சுப்புராயன் ஊருக்குப் போனது, குடை பறந்தது, காலையில் காப்பி பொங்கி அடுப்பு அணைந்தது, எதையெதையோ பேசினான். இடையிடையே அவள் "ம்" என்றாள். சில சமயம் அவன் சொன்ன வார்த்தையையே மெதுவாகத் திருப்பிச் சொன்னாள், வாயில் போட்டுப் பார்ப்பதைப் போல. அவளுக்குக் குளிரில் நாக்குக் குழறுகிறது என்று நினைத்துக்கொண்டான். பாவம் என்று நினைத்தான்.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"என்னாங்க. உங்க குரல் அமுங்குது. மேல கனெக்டர ஈரத்தோட சுத்திட்டீங்க."

"இல்லம்மா, நல்லா காய வச்சுத்தான் சுத்துனேன்."

"உள்ள தண்ணி நிக்குது. பிரிச்சு விடுங்க."

"இந்த மழயிலயா? தெறந்து வச்சா கேபிள் பூரா போயிடும்."

பிறகு அந்தக் குரல் உடைந்து அழுதது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவன் கேட்டே இராத அழுகை.

"இறுக்குதுங்க. மூச்சு முட்டுது. பிரிச்சு விடுங்க."

அதற்குப் பிறகு அவன் யோசிக்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துபோட்டுவிட்டு மாடிக்கு ஓடினான். அவளைத் திரும்பப் பார்த்தால் போதும் என்ற ஒரே நினைப்புத்தான் அவனுக்கு. கேபிள் போனால் போகட்டும். கன்னத்தில் மழை ஊசியாகக் குத்த, டேப்பின் மேல் கத்தியை வைத்து நீளமாகக் கீறினான்.

உள்ளே காய்ந்திருந்தது.

துளி ஈரமில்லை. அவன் துடைத்து வைத்த பித்தளை பளபளவென்று மின்னியது. தண்ணீர் நிற்கிறது என்றாளே. ஈரத்தோடு சுற்றியதாகச் சொன்னாளே. அவன் மாடியில் டேப் சுற்றியது அவளுக்கு எப்படித் தெரியும்? அவன் சொல்லவே இல்லை. பகல் முழுதும் பேசியும் அந்தக் குரல் ஒரு முறைகூடக் கால்சைன் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

கையில் கேபிள் துள்ளியது. தொண்டை விழுங்குவதைப் போல ஒரு அசைவு. கனெக்டருக்குக் கீழே கறுப்பு உறை புடைத்தது. எலியை விழுங்கிய பாம்பைப் போல அந்தப் புடைப்பு நகர்ந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, வெளிச்சுவரோரமாகக் கீழே இறங்கியது.

பாக்கெட்டில் போன் அடித்தது.

காலையிலிருந்து செத்துக் கிடந்த போன். இசைவாணி.

"என்னாங்க, அப்பாடா, இப்பத்தான் டவர் கெடச்சிது! காலையிலயே செட்டு தண்ணிக்குள்ள உழுந்து போச்சு. எல்லாரையும் சிதம்பரம் கொண்டாந்துட்டாங்க. அங்கேந்து ஜீப்புல வந்துட்டேன், நம்ம தெரு முனையிலதான் எறங்கறேன்."

சுவரோரமாக இறங்கும் புடைப்பை அவன் எட்டிப் பார்த்தான்.

"தேவசகாயம் அண்ணன் கேட்டாரு. பகல் பூரா நீங்க மட்டும் தனியா பேசிக்கிட்டே இருந்தீங்களாம், எதிர்ப்பக்கம் ஒண்ணுமே கேக்கலயாம். யாருகூடங்க பேசுனீங்க?"

"இசை, வராத. வீட்டுக்கு வராத, அங்கயே..."

லைன் அறுந்திருந்தது. எப்போது அறுந்தது என்று தெரியவில்லை.

படிகளில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினான். கேபிளைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட வேண்டும். அவள் வருவதற்குள். செட்டின் பின்னாலிருந்து கனெக்டரைத் திருகிக் கழற்றி, முனையை ஜன்னல் ஓட்டைக்குள் தள்ளினான். போகவில்லை. கேபிள் ஓட்டையளவுக்குப் பருத்து இறுகியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தான். ஓட்டைக்கு முன்னால் கேபிளைத் தாழ்வாக ஒரு வளைவு வளைத்து விட்டிருப்பார்கள். ஓடி வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. தண்ணீர் மேல் நோக்கி ஏறாது என்பதுதான் அந்த வளைவின் காவல்.

புடைப்பு வளைவின் அடிக்கு வந்து நின்றது. ஆடியது.

பிறகு ஏறியது.

கேபிள் முனையை மேசைமேல் போட்டுவிட்டுப் பின்வாங்கினான். முதலில் தண்ணீர் வந்தது. மேசை நனைந்தது. அறை முழுக்க அந்தச் சேற்று வாடை. அப்புறம் நடு ஊசியைச் சுற்றிக்கொண்டு முடி வந்தது. ஈரமான, நீளமான முடி. மேசை விளிம்பில் வழிந்து தரையைத் தொட்டது. இன்னும் வந்துகொண்டிருந்தது. தரையில் குவிந்தது. குவியல் அசைந்தது. அதற்குள் ஏதோ முட்டி போட்டு எழுந்தது.

பார்க்கக்கூடாது என்று திரும்பினான். கதவு திறந்தே கிடந்தது. கால் நகரவில்லை.

கீழே கேட் கிறீச்சிட்டது.

"என்னாங்க! வீடு ஏன் இருட்டா கெடக்குது?"

படியேறி வரும் காலடி. களைத்த, உயிருள்ள, அவளுடைய காலடி. போ, ஓடு என்று கத்த வாயைத் திறந்தான். வாய் நிறைய உப்புத் தண்ணீர். மோவாயில் வழிந்தது. மூச்சு இழுத்தால் இன்னும் தண்ணீர். தோளில் குளிர்ந்த எடை ஒன்று சாய்ந்தது. காதோரத்தில், அவன் வழக்கமாகச் செய்வதைப் போலத் தொண்டையை லேசாகச் செருமிக்கொண்டு, அவனுடைய குரல் பேசியது.

"கதவு தெறந்துதான் இருக்கு இசை. உள்ள வா."

வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.