காலியான டபிள்யூ இழுப்பறை

“எங்க அண்ணி கார்டைத் திருடிட்டாங்க சார்.” துப்பறிவாளரின் எதிரே நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார் அகராதி ஆசிரியர்.

இலத்தீன் நூல்களில் வரும் பழைய ஊர்ப் பெயர்களுக்கு அவர் பெயரில் ஓர் அகராதி நாளை அச்சேறுகிறது. ஊருக்கொரு கார்டில் குறிப்பெழுதிச் சேர்த்துத் தொகுத்தது. சரிபார்க்க வேண்டுமென்று அச்சகக்காரர் இன்று காலை ஸ்பெயினிலுள்ள செவில் நகரத்தின் கார்டைக் கேட்டிருக்கிறார். தேடினால் காணோம்.

“இருபது வருஷ உழைப்பு சார். நான் சொல்லச் சொல்ல அவங்க எழுதினாங்க, அவ்வளவுதான். இப்ப புத்தக அட்டையில தன் பேரும் வரணுமாம்! இன்னிக்கே வீட்டை விட்டு அனுப்பணும்.”

துப்பறிவாளரின் மைத்துனருக்கு இரத்தம் கொதித்தது. யார் மேல் என்று தெரியாமலே கொதிப்பது அவர் வழக்கம். துப்பறிவாளர் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆசிரியர் வீட்டில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆங்கில எழுத்து. அச்சகக்காரர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வாசலருகே பெட்டியும் கையுமாக அண்ணி நின்றார். முகத்தில் அழுத தடமே இல்லை.

“எங்கே தேடினீங்க?” என்றார் துப்பறிவாளர்.

“எஸ்லதான். தலைகீழாப் புரட்டிட்டேன்.”

அதற்குள் மைத்துனர் எல்லா இழுப்பறைகளையும் இழுத்துப் பார்த்துவிட்டார். “மாமா, டபிள்யூல ஒரு கார்டுகூட இல்ல! மொத்தமா அள்ளிட்டாங்க!”

துப்பறிவாளர் திரும்பினார். “அம்மா, செவில் கார்டை எடுத்துக் குடுங்க.”

அண்ணி பெட்டியைக் கீழே வைத்தார். எழுத்துகளைப் பார்க்காமலே எச் இழுப்பறையை இழுத்து, கார்டை உருவி நீட்டினார். தலைப்பில் ஹிஸ்பாலிஸ் என்றும், அடியில் ‘இன்றைய செவில்’ என்றும் எழுதியிருந்தது.

“திருட்டே நடக்கல. இலத்தீன்ல டபிள்யூ எழுத்தே கிடையாது, அதனாலதான் அது காலி. அப்ப கார்டெல்லாம் பழைய பேர் வரிசையில இருக்கு. இருபது வருஷம் உழைச்சவர் செவிலை எஸ்ல தேடுவாரா?”

ஆசிரியர் எஸ் இழுப்பறையை மெல்ல மூடினார்.

“தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்தீங்க?” மைத்துனருக்குத் தாங்கவில்லை.

“கார்டு எங்கன்னு என்னை யாரு கேட்டா? திருடின்னுதானே சொன்னார்.”

அச்சகக்காரர் புத்தக அட்டையின் அச்சுப் படியை மடியில் விரித்து, அதிலிருந்த ஆசிரியரின் பெயரைப் பென்சிலால் அடித்தார். எத்தனையோ முறை இந்த வீட்டில் காபி வாங்கிக் குடித்தவர், இன்றுதான் கேட்டார்: “அம்மா, உங்க பேரு என்ன?”

அண்ணி சொன்னார். அச்சகக்காரர் எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகுதான் அழுதார்.